கிரவுண்டைப் பூட்டிய வருடம் ஆறாம் வகுப்பு சேர்ந்த பிள்ளைகள்

திருநெல்வேலி மாவட்டம் நாங்குநேரிப் பக்கத்திலிருந்து ஒரு தாய் கேட்டிருக்கிறார்: "என் மகன் 2020-ல் 6-ம் வகுப்பு சேர்ந்தான். கபடி என்றால் உயிர். அந்த நேரம் பார்த்துக் கொரோனா வந்து எல்லாவற்றையும் மூடிவிட்டார்கள். இப்போது 11-ம் வகுப்பு. ஊர் அணியில் நன்றாக ஆடுகிறான். ஆனால் மாவட்டத் தேர்வு என்று போனால் தட்டிப்போகிறது. 'அடிப்படை இல்லை' என்று சொல்லி அனுப்பிவிடுகிறார்கள். அந்த இரண்டு வருடம்தான் காரணமா? இனிமேல் சரிசெய்ய முடியுமா?"

அம்மா, நான் உடற்கல்வி ஆசிரியர். வள்ளியூர், பணகுடி வட்டாரத்தில் இருபது வருடத்துக்கு மேலாகப் பிள்ளைகளுக்குக் கபடியும் ஓட்டமும் சொல்லிக்கொடுக்கிறேன். பெரும்பங்கு அந்த இரண்டு வருடம்தான் காரணம். சரிசெய்யவும் முடியும். ஆனால் பாதிப்பு எங்கே விழுந்தது என்பதில் நிறையப் பேர் இடம் மாறிப் பார்க்கிறார்கள். வீட்டில் கிடந்து பிள்ளைகளுக்கு உடம்பு போட்டுவிட்டது, மூச்சு குறைந்துவிட்டது என்றுதான் எல்லாரும் பேசினார்கள். அதெல்லாம் மூன்று நான்கு மாதத்தில் திரும்பியது. என் கண்ணால் பார்த்தேன். திரும்பாமல் போனது வயது. 11 வயதில் கற்க வேண்டியதைக் கற்க 11 வயது மறுபடி வரவில்லை.

உங்கள் மகனின் கணக்கையே போட்டுப் பார்ப்போம். 2020 மார்ச் 25 முதல் நாடு முழுக்க ஊரடங்கு. அவன் 5-ம் வகுப்பை முழுப் பரீட்சை எழுதாமலே முடித்து, ஜூனில் பெயரளவில் 6-ம் வகுப்புக்குப் போனான். 10, 12-ம் வகுப்புகளுக்கு 2021 ஜனவரி 19-ல் பள்ளி திறந்தது. பிப்ரவரி 8-ல் 9, 11-ம் வகுப்புகள் வந்தன. இரண்டாம் அலையில் எல்லாம் மறுபடி நின்று, செப்டம்பர் 1-ல் 9 முதல் 12 வரை திரும்ப வந்தார்கள். 1 முதல் 8 வரை உள்ள பிள்ளைகளுக்குக் கதவு திறந்தது 2021 நவம்பர் 1-ல். அதாவது உங்கள் மகன் தன் புதுப் பள்ளிக்கூட மைதானத்தில் முதன்முதல் கால் வைத்தபோது 7-ம் வகுப்பில் பாதி முடிந்திருந்தது. 2022 ஜனவரியில் மூன்றாம் அலைக்கு மறுபடி பூட்டு, பிப்ரவரி 1-ல் திறப்பு. பள்ளி விளையாட்டுப் போட்டிகள் பழையபடி குறுவட்டம் (அக்கம்பக்கத்துப் பள்ளிகள் மோதும் முதல் கட்டம்), மாவட்டம் என்று நடக்கத் தொடங்கியது 2022-23-ல். அப்போது அவன் 8-ம் வகுப்பு. 14 வயதுக்குட்பட்டோர் பிரிவு என்பது 6, 7, 8 ஆகிய மூன்று வகுப்புப் பிள்ளைகளுக்கான வாசல். அவனுக்குக் கிடைத்தது கடைசி ஒரு வருடம். கூடப் பிறந்த அண்ணன் ஒருவன் மூன்று வருடம் முன்னால் பிறந்திருந்தால், அவனுக்கு மூன்றும் கிடைத்திருக்கும்.

இதில் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். 2020 மே 18-லேயே விளையாட்டரங்குகளைப் பார்வையாளர் இல்லாமல் திறக்கலாம் என்று மத்திய அரசு அனுமதித்துவிட்டது. அது யாருக்கு உதவும்? பாளையங்கோட்டை அண்ணா விளையாட்டரங்கம், கோவில்பட்டி ஹாக்கி மைதானம் மாதிரி இடங்களில் ஏற்கெனவே பயிற்சியில் இருந்தவர்களுக்கு. நம் பக்கத்துக் கிராமத்துப் பிள்ளைக்குப் பள்ளிக்கூட கிரவுண்டுதான் அகாடமி, பி.இ.டி. சார்தான் கோச், காலை ஆறு மணிக்கு அடிக்கிற விசில்தான் சேர்க்கை. பள்ளிக்கூடக் கேட்டில் பூட்டு தொங்கினால் அரங்கம் திறந்தும் அவனுக்குப் பயனில்லை. விதிமுறை எழுதியவர்கள் விளையாட்டு ஒரு கட்டடம், பள்ளி வேறொரு கட்டடம் என்று எழுதிவிட்டார்கள். இங்கே இரண்டும் ஒன்றுதான். இந்த வருத்தம் எனக்கு இன்னும் ஆறவில்லை.

கபடிக்கு இன்னொரு பாரமும் இருந்தது. மூச்சைப் பிடித்துப் பாடிக்கொண்டே எதிராளி முகத்துக்கு நேராகப் போகிற ஆட்டம். ஏழு பேர் ஒருவன் மேல் விழுந்து அமுக்குகிற ஆட்டம். காற்றில் பரவுகிற நோய்க்கு இதைவிட வசதி இல்லை. அதனால் தனித்தனியாக ஓடுகிறவர்களுக்கு முதலில் தளர்வு வந்தது, கபடிக்குக் கடைசியில்தான் வந்தது. அது சரியான முடிவுதான், நான் குறை சொல்ல மாட்டேன். புரோ கபடியே 2020-ல் நடக்கவில்லை; 2021 டிசம்பர் 22-ல் பெங்களூருவில், ஒரே அரங்கில், பார்வையாளர் இல்லாமல், ஆட்டக்காரர்களை வெளியே விடாமல் வைத்துத்தான் நடத்தினார்கள். நம் பிள்ளைகள் அதை டிவியில் பார்த்துக்கொண்டிருந்த ஜனவரியில்தான் பள்ளிகள் மூன்றாம் முறை மூடின.

'அடிப்படை இல்லை' என்று உங்கள் மகனை அனுப்பிவிடுகிறார்களே, அந்த அடிப்படை என்னவென்று சொல்கிறேன். 6-ம் வகுப்புப் பையனை நாங்கள் முதல் வருடம் ஆடவிடுவதில்லை. கோட்டில் நிற்கவைப்போம், பெரியவர்கள் ஆடுவதைப் பார்க்கவைப்போம், தண்ணீர்க் குடம் தூக்கவைப்போம். அதற்கு நடுவில் தினமும் அரை மணி நேரம் அவன் செய்கிற வேலை ஒன்றே ஒன்று: விழுவது. பக்கவாட்டில் விழுந்து உருண்டு எழுவது, கணுக்காலைப் பிடித்துக்கொண்டே விழுவது, பிடிபட்டபடியே கோட்டை நோக்கி விழுவது. 11 வயதில் உடம்பு லேசு, தரையும் பக்கம். நூறு தடவை விழுந்தாலும் சிராய்ப்போடு போகும். அப்படி விழுந்தவனுக்கு 14 வயதில் பயம் இருக்காது, பயம் இல்லாதவன் கண் எதிராளியின் காலில் நிற்கும். 14 வயதில் முதன்முதல் விழக் கற்கிறவன் கண்ணை மூடிக்கொண்டு பாய்கிறான். கார்னரில், அதாவது பிடிக்கிற வரிசையின் ஓரத்தில், நிற்கிற பையன் பாய்வதற்கு முந்திய அரை நொடியில் கண்ணை மூடுகிறானா என்று பாருங்கள்; தேர்வாளர்கள் பார்ப்பதும் அதைத்தான்.

வளர்த்தி வேறு சேர்ந்துகொண்டது. ஆண் பிள்ளைகளுக்குப் பெரும்பாலும் 13, 14 வயதிலும் பெண் பிள்ளைகளுக்கு அதற்கு ஒன்றரை, இரண்டு வருடம் முன்னாலும் எலும்பு சடசடவென்று நீளும். கிரவுண்டில் இருக்கிற பிள்ளை தினமும் அந்தப் புது நீளத்துக்குக் கையையும் காலையும் பழக்கிக்கொண்டே வரும். வீட்டுக்குள் வளர்ந்த பிள்ளைக்கு அந்தப் பழக்கம் இல்லை. 2020 பிப்ரவரியில் என்னிடம் நல்ல கணுக்கால் பிடி வைத்திருந்த ஒரு பையன், பதினெட்டு மாதம் கழித்து 13 சென்டிமீட்டர் உயரம் கூடி வந்தான். கை முன்னைப்போலத்தான் பாய்ந்தது, ஆனால் கால் இருந்த இடத்துக்கு ஒரு சாண் தள்ளிப் போய் மண்ணைப் பிடித்தது. அவன் தன் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டு நின்றது இன்னும் மறக்கவில்லை. எடையும் ஏறியிருந்தது. சப்-ஜூனியர் கபடிக்கு 16 வயதுக்குள், 55 கிலோவுக்குள் என்று கணக்கு. தராசில் ஏறி இறங்கியதும் அந்த வாசலும் அவனுக்கு மூடிவிட்டது.

வீட்டில் இருந்தபடியே பயிற்சி கொடுக்கவில்லையா என்று கேட்பீர்கள். கொடுத்தோம். வாட்ஸ்அப் குழு ஆரம்பித்து, ஸ்கிப்பிங், தண்டால், பிளாங்க் என்று வீடியோ அனுப்பினேன். நாற்பது பிள்ளைகளில் பதினைந்து பேர் திருப்பி அனுப்பினார்கள். ஒரு வாரத்தில் அது எட்டானது. வீட்டில் இருப்பது ஒரு போன், அதை அப்பா வேலைக்குக் கொண்டுபோகிறார். மிச்ச நேரம் அண்ணனுக்கு ஆன்லைன் வகுப்பு. மொட்டை மாடி உள்ள பிள்ளை குதித்தது. ஓட்டு வீட்டுப் பிள்ளை எங்கே குதிக்கும்? வயதுக்கு வந்த பெண் தெருவில் ஸ்கிப்பிங் ஆட எந்த வீட்டிலும் சம்மதிக்கவில்லை.

ஆனாலும் ஒரு பையன் செய்ததை எழுதாமல் இருக்க முடியாது. பணகுடிக்குத் தெற்கே காற்றாலைகளுக்குப் போகிற தார்ச்சாலைகள் உண்டு. காத்தாடி ரோடு என்போம். வண்டி வராது, ஆள் நடமாட்டம் இருக்காது. 9-ம் வகுப்புப் பையன் ஒருவன் அதில் 400 மீட்டர் அளந்து ஓட ஆசைப்பட்டான். டேப் இல்லை. போனில் கேட்டான், "சார், எப்படி அளக்கது?" சைக்கிள் சக்கரத்தில் ஒரு துணியைக் கட்டு, அது கீழே வரும்போதெல்லாம் எண்ணு என்றேன். பெரிய சைக்கிள் சக்கரம் ஒரு சுற்றுக்கு ஏறத்தாழ 2.2 மீட்டர் போகும். 182 சுற்று வந்தால் 400. அவன் தங்கச்சி சைக்கிளைத் தள்ள, இவன் கூடவே குனிந்து எண்ணிக்கொண்டு போய், இரண்டு இடத்தில் சுண்ணாம்பால் கோடு போட்டான். ஆடி மாதக் காற்றுக்கு எதிராகப் போகும்போது 80 விநாடி, காற்றோடு திரும்பும்போது 63 என்று நோட்டில் எழுதி வைத்திருந்தான். பள்ளி திறந்ததும் அந்த நோட்டோடுதான் வந்தான். அவன் இழந்தது மிகக் குறைவு. ஓட்டத்துக்கு ஆள் துணை வேண்டாம், அதனால் முடிந்தது. கபடிக்கு எதிரே ஓர் ஆள் வேண்டும். ஹாக்கிக்குச் சுவராவது வேண்டும். சிலம்பம் சுற்றிய பிள்ளைகள் தனியாகச் சுற்றலாம் என்பதால் அவ்வளவாகப் பின்தங்கவில்லை.

பெண் பிள்ளைகள் கதை வேறு. முக்கூடல், ஆலங்குளம், மேலப்பாளையம் தொடங்கி நம் பக்கம் வரை பீடி சுற்றாத தெரு குறைவு. ஊரடங்கில் முதலில் கம்பெனி மூடிக் கூலி நின்றது. பிறகு திறந்து இலையும் தூளும் கொடுக்க ஆரம்பித்தபோது, விட்ட காசைப் பிடிக்க வீட்டில் எல்லாக் கையும் தேவைப்பட்டது. என்னிடம் 800 மீட்டர் ஓடிய 8-ம் வகுப்புப் பிள்ளை ஒருத்தியைப் பார்க்க வீட்டுக்குப் போனேன். சுவரில் சாய்ந்து, இரண்டு காலையும் நீட்டி, மடியில் தட்டை வைத்திருந்தாள். என்னைப் பார்த்ததும் எழ நினைத்தாள், தட்டில் இலை சிதறும் என்று உட்கார்ந்தாள். அவள் அம்மா சொன்னார், "சார், அவ இப்போ ஒரு நாளைக்கு ஐநூறு சுத்துதா. வீட்டுக்கு அதான் ஓடுது." எனக்குப் பேச்சு வரவில்லை. பள்ளி திறந்தபோது வகுப்புக்கு வந்தாள், காலைப் பயிற்சிக்கு வரவில்லை. பையன்களில் செங்கல் சூளைக்கும் வாழைத்தார் சுமக்கவும் மீன் வலைக்கும் போனவர்கள், சென்னையிலும் மும்பையிலும் சொந்தக்காரர் கடைக்குப் போனவர்கள் உண்டு. அவர்களில் சிலர் கையில் காசு பார்த்த பிறகு கிரவுண்டுக்குத் திரும்பவே இல்லை. பயிற்சி நின்றது என்பதைவிட, காலையில் எழுந்து கிரவுண்டுக்குப் போகிற வழக்கம் அந்த வீடுகளில் அறுந்துபோனது என்பதுதான் சரி.

கோயில் கொடைகள், அதாவது ஊர்த் திருவிழாக்கள், நின்றதும் பெரிய இழப்பு. சித்திரை முதல் ஆவணி வரை ஏதாவது ஓர் ஊரில் கொடை இருக்கும், கொடை என்றால் இரவு கபடி இருக்கும். பொங்கலுக்கும் உண்டு. போலீஸ் அணிக்கு ஆள் பார்க்கிறவர், கல்லூரிக்கு ஆள் பார்க்கிறவர் எல்லாரும் அங்கேதான் வந்து நிற்பார்கள். அர்ஜுனா விருது வாங்கிய மணத்தி கணேசன் தூத்துக்குடி மாவட்டத்துச் சிற்றூர்க்காரர். நம் மண்ணில் ஆட்டக்காரன் ஊர்க் களத்திலிருந்துதான் வருகிறான். 2020, 2021 இரண்டு வருடமும் அந்த விளக்குக் கம்பங்கள் நடப்படவில்லை.

பள்ளி திறந்த முதல் வாரம் எங்கள் கபடிக் களம் இருந்த இடமே தெரியவில்லை. நெருஞ்சி படர்ந்து மஞ்சள் பூவாகக் கிடந்தது. வேரோடு பிடுங்கினாலும் முள் மண்ணுக்குள் கிடக்கும். கோணிச்சாக்கை நனைத்து விரித்து, அதன் மேல் பிள்ளைகளை நடக்கவிட்டு, சாக்கில் குத்திய முள்ளை உதறி, மறுபடி விரித்து, மூன்று நாள் எடுத்தோம். பிறகும் பிள்ளைகளால் வெறுங்காலில் நிற்க முடியவில்லை. பதினெட்டு மாதத்தில் உள்ளங்கால் தோல் மெலிந்துவிட்டது, பத்து நிமிடத்தில் கொப்புளம்.

அப்போது நான் ஒரு தவறு செய்தேன். போன நாளைப் பிடித்துவிட வேண்டும் என்ற ஆவேசத்தில் இரண்டாம் வாரமே பழைய அளவுக்கு ஓட்டமும் குதிப்பும் கொடுத்துவிட்டேன். ஒரு மாதத்துக்குள் நான்கு பேர் முழங்கால் சில்லுக்குக் கீழே ஒரு முடிச்சைத் தொட்டுக் காட்டி வலிக்கிறது என்றார்கள். வேகமாக வளர்கிற வயதில், தொடைத் தசை எலும்போடு சேர்கிற இடம் இன்னும் கெட்டியாகாமல் இருக்கும். அங்கே திடீர் பாரம் விழுந்தால் வீங்கும். இரண்டு மாதம் குதிப்பை நிறுத்தினோம். அதற்குப் பிறகுதான் முதல் இரண்டு வாரம் பாதி நேரம், அடுத்த இரண்டு வாரம் முக்கால் என்று ஏற்றினேன். எந்தக் காரணத்துக்காகவும் ஒரு பிள்ளை மாதக்கணக்கில் பயிற்சியை விட்டு வந்தால், இன்றும் இதே கணக்குத்தான். காய்ச்சலோடு வந்த பிள்ளையை ஓடவிடக் கூடாது என்பதையும் அந்தக் காலம் கற்றுக்கொடுத்தது. காய்ச்சல் விட்ட பிறகும் நெஞ்சு வலி, படபடப்பு, மயக்கம் என்று சொன்னால் டாக்டர் பார்த்துச் சொல்லும் வரை விசில் கிடையாது.

"தமிழ்நாடு நன்றாகத்தானே செய்கிறது?" என்று சிலர் கேட்கிறார்கள். உண்மை. 2022 மே, ஜூனில் ஜகார்த்தாவில் ஆசியக் கோப்பை ஹாக்கியில் இந்தியா வெண்கலம் வாங்கியபோது கோவில்பட்டி மாரீஸ்வரன் சக்திவேலும், அரியலூரில் பிறந்து கோவில்பட்டியில் பயிற்சி பெற்ற கார்த்தி செல்வமும் அணியில் இருந்தார்கள். 2024 ஜனவரியில் நம் மாநிலத்தில் நடந்த கேலோ இந்தியா இளையோர் போட்டிகளில் தமிழ்நாடு 38 தங்கத்தோடு இரண்டாம் இடம் பிடித்தது. எனக்கும் கண் கலங்கிய பெருமைதான். ஆனால் வயதைப் பாருங்கள். கார்த்தியும் மாரீஸ்வரனும் 2020-ல் ஏணியில் பாதிக்கு மேல் ஏறியிருந்தவர்கள். 2024-ல் 18 வயதுக்குட்பட்ட பிரிவில் ஜெயித்தவர்களில் பெரும்பாலோர் 2020-ல் விடுதியிலோ மைதானத்திலோ கால் ஊன்றியிருந்த பிள்ளைகள். ஏணியின் கீழ்ப்படியில் கால் வைக்க வந்து, படி இல்லாமல் திரும்பியவர்கள் எந்தப் பதக்கப் பட்டியலிலும் தெரிய மாட்டார்கள்.

இன்னொரு கூட்டம் இப்போதுதான் என் கண் முன்னால் வருகிறது. 2020-ல் 1-ம் வகுப்பு சேர்ந்த பிள்ளைகள் 2025-26-ல் 6-ம் வகுப்பு. நொண்டி, பாண்டி, கிளித்தட்டு, எறிபந்து என்று ஓடிப்பிடித்து ஆட வேண்டிய 6, 7 வயதை வீட்டுக்குள் கழித்தவர்கள். இந்த வருடம் தேர்வுக்கு நிறுத்திப் பந்தைத் தூக்கிப் போட்டால், நிறையப் பிள்ளைகள் விரலால் பிடிக்காமல் நெஞ்சோடு அணைக்கிறார்கள். ஒற்றைக்காலில் பத்து எட்டு நொண்டச் சொன்னால் ஆறாவது எட்டில் மறுகால் ஊன்றுகிறது. குளத்தங்கரை ஊர்ப் பிள்ளைகளிடம் இந்தக் குறை குறைவு. ஊரடங்கிலும் அவர்கள் குளத்துக்குள் ஆடினார்கள், நீந்தினார்கள். டவுனில் வாடகை வீட்டில் இருந்த பிள்ளைகளிடம் அதிகம். இவர்களுக்கு முதல் ஆறு மாதம் கபடியே சொல்லிக்கொடுக்காமல் நொண்டியும் கிளித்தட்டும்தான் ஆடவிடுகிறேன். மற்ற ஆசிரியர்களும் 6-ம் வகுப்பில் கொஞ்சம் பொறுமை காட்ட வேண்டும், முதல் வாரத்திலேயே கழித்துவிடக் கூடாது.

இனி உங்கள் மகன். அவனுக்கு விட்டுப்போனது மூன்று: விழுகிற பயிற்சி, வளர்ந்த உடம்புக்குக் கைகாலைப் பழக்குவது, மேட் (களத்தில் விரிக்கிற விரிப்பு) மேல் ஆடிய பழக்கம். மூன்றாவதைக் கொரோனா மேல் போட முடியாது. ஊர் ஆட்டம் மண்ணில், வெறுங்காலில். மாவட்டத் தேர்வு ரப்பர் மேட்டில், ஷூ போட்டு. மண்ணில் கால் சறுக்கும், அதற்கேற்ப ரைடர் (பாடிப் போகிறவன்) திரும்புவான். மேட்டில் கால் பிடிக்கும், அதே திருப்பத்தில் கணுக்கால் பிசகும். மண்ணில் நன்றாக ஆடுகிற பிள்ளை மேட்டில் தயங்குவதற்கு இது போதும். தேர்வுக்கு ஒரு மாதம் முன்னாலாவது மேட் உள்ள இடத்தில் வாரம் இரண்டு நாள் ஆடவிடுங்கள்.

விழுவதை 16 வயதிலும் கற்கலாம், ஆனால் வெட்கம் தடுக்கும். தன்னைவிடச் சின்னப் பிள்ளைகளோடு மண்ணில் உருள அவன் சம்மதிக்க வேண்டும். எங்கள் களத்தில் 10-ம் வகுப்புப் பையன்கள் சிலரை 6-ம் வகுப்போடு சேர்த்து, குவித்த மணலில் ஆறு வாரம் விழவைத்தோம். முதல் வாரம் முகம் தொங்கியது, மூன்றாம் வாரம் சின்னவர்களுக்கு அவர்களே சொல்லிக்கொடுக்க ஆரம்பித்தார்கள். சொல்லிக்கொடுக்கும்போது அவர்கள் கண் திறந்தே இருந்தது.

வாசல் எல்லாம் மூடவில்லை. 14 வயதுப் பிரிவு போய்விட்டது. சப்-ஜூனியரும் கைவிட்டுப் போயிருக்கும் அல்லது போகப்போகிறது. பள்ளிப் போட்டிகளில் பிறந்த தேதியைப் பொறுத்து 17 அல்லது 19 வயதுக்குட்பட்டோர் பிரிவு இருக்கிறது. வெளியே ஜூனியர் பிரிவு 20 வயது வரை போகும். கல்லூரி விளையாட்டு ஒதுக்கீட்டுக்கு 11, 12-ம் வகுப்பில் வாங்குகிற சான்றிதழுக்கு மதிப்பு உண்டு, அரசு வேலையில் விளையாட்டு வீரர்களுக்கு 3 சதவீத இடமும் இருக்கிறது. அதனால் இந்த வருடக் குறுவட்டப் போட்டிக்குப் பெயர் கொடுக்கும் தேதியை உடற்கல்வி ஆசிரியரிடம் நாளைக்கே கேட்டு வையுங்கள். பிறப்புச் சான்றிதழ், ஆதார் இரண்டிலும் தேதி ஒன்றாக இருக்கிறதா என்று பாருங்கள். அங்கே தட்டிப்போன பிள்ளைகளும் உண்டு. கிட்டத்தில் விழச் சொல்லிக்கொடுக்கிற ஆள் இல்லையென்றால், சனி, ஞாயிறு காலை ஆறு மணிக்கு எங்கள் களத்துக்கு அனுப்புங்கள். பழைய டிராக் பேன்ட் ஒன்று போட்டு வரட்டும். முதல் வாரம் முட்டி கிழியும்.